ஜீப் உழுத பிட்ச்சும் கப் குடுக்கற அப்பாவும்

கேள்வி: எங்க ஊர் பஞ்சாயத்து கிரவுண்ட்ல நாங்களே காசு போட்டு களிமண் அடிச்சு கிரிக்கெட் பிட்ச் போட்டோம். போன வாரம் மழை பெஞ்ச ராத்திரி ஒருத்தன் ஜீப்பை உள்ள விட்டு வட்டம் வட்டமா சுத்தி உழுதுட்டு போய்ட்டான், அதை ரீல்ஸா வேற போட்டிருக்கான். கேட் கிடையாது, நாங்களே பைக்கை பவுண்டரி வரைக்கும் ஓட்டிட்டு வர்றதால போடல. பையனோட அப்பாதான் வருஷா வருஷம் கப் ஸ்பான்சர். பொங்கலுக்கு டோர்னமென்ட் இருக்கு. என்ன பண்றது? (பெயர் வேண்டாம், தேனி மாவட்டம்)

பதில்: தம்பி, மொதல்ல அந்தப் பையனுக்கு ஒரு நன்றி சொல்லிடுங்க. வண்டி நம்பர், மூஞ்சி, இடம் எல்லாத்தையும் அவனே படம் புடிச்சு பேக்ரவுண்ட் மியூசிக்கோட குடுத்திருக்கான், போலீஸுக்கு இவ்ளோ ஒத்தாசை பண்றவன் லேசுல கிடைக்க மாட்டான். அவன் டெலிட் பண்றதுக்குள்ள ஸ்க்ரீன் ரெக்கார்ட் பண்ணி லிங்கோட எடுத்து வைங்க.

அப்புறம் மண்ணு லோடு, ரோலர் வாடகை, கூலின்னு எல்லா பில்லையும் தேடுங்க. பாரதிய நியாய சன்ஹிதா (பழைய ஐ.பி.சி.க்கு பதிலா வந்த குற்றச் சட்டம்) 324ஆவது பிரிவுல சேதம் 20,000 ரூபாயிலேர்ந்து ஒரு லட்சத்துக்குள்ள இருந்தா 2 வருஷம் வரைக்கும் தண்டனை இருக்கு, பஞ்சாயத்து சொத்துன்னா தொகை கம்மியா இருந்தாலும் 1 வருஷம் வரைக்கும் போகலாம். இடம் பஞ்சாயத்துதுங்கறதால புகார் அவங்க பேர்லயும் போனா வெயிட்டு. பையனுக்கு 18 ஆகலைன்னா கதையே வேற, மோட்டார் வாகனச் சட்டம் 199ஏ படி அப்பாவுக்கு 25,000 அபராதம், 3 வருஷம் வரைக்கும் ஜெயில், வண்டி ரிஜிஸ்ட்ரேஷன் ஒரு வருஷத்துக்கு கேன்சல். கப் ஸ்பான்சர்கிட்ட இதை நான் சொன்னேன்னு சொல்லாம நீங்களே தன்மையா எடுத்து சொல்லுங்க. கப்பு வேணாங்க, இந்த வருஷம் பிட்ச் செலவை குடுங்கன்னு கேளுங்க, அநேகமா கேஸே தேவைப்படாது.

ஆனா ஒரு விஷயம், கோவிச்சுக்காதீங்க. பவுண்டரி வரைக்கும் பைக்ல வர்றது நீங்க, லைசென்ஸுக்கு எட்டு போட்டு பழகறது உங்க ஊர் அண்ணன்மாரு, கல்யாணத்துக்கு வேன் நிறுத்தறது மொத்த ஊரும். அவன் ஒருத்தன்தான் அதை நாலு சக்கரத்துல மழைல பண்ணிட்டான்.

இப்போ பிட்ச். தயவு செஞ்சு ஈரத்துல ரோலர் விடாதீங்க, எல்லாரும் அவசரத்துல அதைத்தான் பண்ணுவாங்க, களிமண்ணு பிதுங்கி மேடு பள்ளமா காஞ்சு அப்புறம் வெடிக்கும். கையில புடிச்சா உருண்டையா நிக்கணும், ஆனா ஒட்டக்கூடாது, அந்த பதம் வர்ற வரைக்கும் பொறுங்க. டயர் தடத்துக்கு அடில மண்ணு இறுகிப் போயிருக்கும், கடப்பாரையால குத்தி இளக்கிட்டு, மொதல்ல போட்ட அதே மண்ணை போட்டு நிரப்புங்க, வேற மண்ணு போட்டா அது தனியா விண்டு நிக்கும். லேசா தண்ணி தெளிச்சு சின்ன ரோலர்ல ஆரம்பிச்சு அப்புறம் பெருசு. 22 கஜமும் கெட்டுப் போயிருக்காது, பவுலர் கால் வைக்கற இடமும் பந்து குத்தற இடமும் சரியானா பொங்கல் மேட்ச்சுக்கு தாங்கும். சுத்தி இருக்கற கிரவுண்ட்ல அருகம்புல்லை ஒடிச்சு நட்டு தண்ணி விடுங்க, அது பாட்டுக்கு ஓடிப் படரும்.

வாசல்ல மூணு கல்லுக்கால், ஆள் நுழையற சந்து மட்டும் விட்டு ஊணுங்க. ரோலரும் ஆம்புலன்ஸும் வர ஒரு பக்கம் பூட்டு போட்ட இரும்பு பைப், சாவி பஞ்சாயத்து ஆபீஸ்ல. வேலி இல்லாத பக்கம் ரெண்டடி பள்ளம் வெட்டிடுங்க. ஜனவரி 26 கிராமசபைல இதை தீர்மானமா எழுத வைங்க, அன்னிக்கு உங்க டீம் மொத்தமும் பைக்கை ரோட்லயே விட்டுட்டு நடந்து வாங்க.