கூடு விட்டுக் கூடு பாய்ந்த பஸ்

கேள்வி: ஐயா, எனக்கு வயது 44. சொந்த ஊர் கரூர். பதினோரு வருடமாக இங்கிலாந்தில், லூட்டன் நகரத்தில் இருக்கிறேன். அப்பா கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் வேலை பார்த்தவர். அதனாலோ என்னவோ, பழைய பஸ்ஸைப் பார்த்தால் எனக்குக் கால் நகராது. வார இறுதியில் பழைய பஸ் கூடும் இடங்களுக்கெல்லாம் போய்ப் படம் எடுப்பேன். ஒன்பதாயிரம் படம் சேர்ந்துவிட்டது. இப்போது நண்பர்கள் மூவரோடு சேர்ந்து ஒரு பஸ்ஸையே வாங்கலாமா என்று யோசனை. 1940களின் கடைசியில் வந்த லண்டன் ஆர்.டி. மாடி பஸ், ஒரு பண்ணைக் கொட்டகையில் பல வருடமாக நிற்கிறது. விலையும் கட்டுப்படியாகும்போல் இருக்கிறது. “காரையே மாதம் ஒரு தடவைகூடக் கழுவமாட்டீர்கள், உங்களுக்கு எதற்கு பஸ்?” என்கிறார் மனைவி. வாங்கலாமா? பழைய பஸ்களை ஆவணப்படுத்த வேண்டும் என்றும் ஆசை. அதை எங்கிருந்து தொடங்குவது?

பதில்: உங்கள் மனைவி கேட்டது நியாயமான கேள்வி. ஆனால் கழுவுவதெல்லாம் பெரிய விஷயமில்லை. எங்கே நிறுத்தப்போகிறீர்கள்? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே! ஆர்.டி. பஸ் 26 அடி நீளம், பதினான்கு அடிக்கு மேல் உயரம், ஆள் ஏறாமலே ஏழு டன்னுக்கு மேல் எடை. அதைக் கூரைக்கு அடியில் நிறுத்த இங்கிலாந்தில் இடம் கிடைப்பது, பஸ் கிடைப்பதைவிடக் கஷ்டம். மழையில் நிறுத்தினால் ஒரு வருடத்தில் செய்த வேலை அடுத்த குளிர்காலத்தில் போய்விடும். ஜன்னல் ரப்பர் வழியாக நீர் இறங்கும், தரைப்பலகை ஊறும், தகடு உப்பும். பஸ்ஸுக்குக் கொடுக்கும் விலை முன்பணம் மாதிரிதான். வாடகை, டயர், இன்சூரன்ஸ், அப்புறம் எங்கும் விற்காத ஒரு சின்ன வார்ப்பு உதிரிக்காகக் கொடுக்கும் காசு என்று செலவு பின்னால் வந்துகொண்டே இருக்கும்.

அதனால் இப்போதைக்கு வாங்க வேண்டாம் என்பதுதான் என் பதில். அந்தக் கொட்டகை பஸ்ஸை மறந்துவிடுங்கள் என்று சொல்லவில்லை. முதலில் அது எந்த பஸ் என்று கண்டுபிடியுங்கள். “அதான் நம்பர் பிளேட் இருக்கிறதே” என்பீர்கள். லண்டன் ஆர்.டி.யில் நம்பர் பிளேட்டை மட்டும் நம்பினால் கதை வேறு.

அப்பா பாடி கட்டியவர் என்பதால் உங்களுக்குச் சொல்வது சுலபம். நம்மூரில் சேஸிஸ், அதாவது எஞ்சினும் சக்கரமும் உள்ள அடிச்சட்டம், ஒரு கம்பெனியிலிருந்து வரும், அதன்மேல் பாடியைக் கரூரில் கட்டுவார்கள். பழைய பிரிட்டிஷ் பஸ்ஸும் பெரும்பாலும் அப்படித்தான். ஆர்.டி.யின் சேஸிஸ் லண்டன் சௌத்தாலில் இருந்த ஏ.இ.சி. தொழிற்சாலையில் செய்தது. பாடி பார்க் ராயல், வேமன் போன்ற கம்பெனிகள் கட்டியது. 1939 முதல் 1954 வரை, லேலண்ட் சேஸிஸில் வந்த ஆர்.டி.எல்., ஆர்.டி.டபிள்யூ. வகைகளையும் சேர்த்தால், ஏறத்தாழ ஏழாயிரம் பஸ். போருக்குப் பிறகு வந்த பெரும்பாலான பாடிகளை ‘ஜிக்’ என்னும் அளவுச் சட்டத்தில் வைத்து ஒரே அளவில் கட்டினார்கள். ஒரு சேஸிஸிலிருந்து தூக்கி இன்னொன்றில் வைத்தாலும் உட்கார்ந்துவிடும். இந்த வசதிதான் பின்னால் நமக்குத் தலைவலி.

லண்டனுக்கு வெளியே, எல்ஸ்ட்ரீ பக்கத்தில் ஆல்டன்ஹம் என்று ஒரு பிரம்மாண்டமான பணிமனை இருந்தது. சுரங்க ரயிலுக்காகக் கட்ட ஆரம்பித்த கட்டடம் அது. போர்க்காலத்தில் அங்கே ஹாலிஃபாக்ஸ் குண்டுவீச்சு விமானங்கள் செய்தார்கள். 1950களில் லண்டன் பஸ்களின் முழுப் பழுதுபார்ப்பு அங்கே போனது, 1986இல் மூடினார்கள். சில வருடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு பஸ்ஸும் அங்கே வரும். பாடியைக் கிரேனில் தூக்கி ஒரு வழியிலும், சேஸிஸை இன்னொரு வழியிலும் அனுப்புவார்கள். இரண்டுக்கும் வேலை ஒரே நேரத்தில் முடியாது. முடியும்வரை காத்திருந்தால், வரி கட்டிய ஒரு பஸ் சும்மா கிடக்கும். அதனால் உள்ளே வந்த பஸ்ஸின் எண்ணை, ஏற்கெனவே தயாராக நிற்கும் வேறொரு பாடிக்கும் சேஸிஸுக்கும் மாட்டி உடனே சாலைக்கு அனுப்பிவிடுவார்கள். காலையில் நுழைந்த பஸ்ஸும் அதே எண்ணோடு வெளியே வந்த பஸ்ஸும் வேறு வேறு. சித்தர்கள் கூடு விட்டுக் கூடு பாய்ந்ததாகச் சொல்வார்களே, இங்கே எண் பாய்ந்தது. அதுவும் ஒரு தடவை இல்லை, ஒவ்வொரு முழுப் பழுதுபார்ப்பிலும்.

ஆக, 1948ஆம் வருட எண் மாட்டிய பஸ்ஸின் பாடி 1952இல் கட்டியதாக இருக்கலாம். முந்தைய பாடிகளில் கூரையின் முன்பக்கம் வழித்தட எண்ணுக்கென்று ஒரு சின்னப் பெட்டி துருத்திக்கொண்டிருக்கும். பிந்தையவற்றில் கிடையாது. பழைய எண்ணில் பெட்டி இல்லாத பஸ்ஸும், புதிய எண்ணில் பெட்டி உள்ள பஸ்ஸும் லண்டனில் சகஜமாக ஓடின. இதற்குப் பின் வந்த ரூட்மாஸ்டர் என்ற லண்டன் மாடி பஸ்ஸும் தப்பவில்லை. அதற்குத் தனிச் சேஸிஸே கிடையாது. அலுமினியக் கூட்டுக்கு அடியில் முன்னும் பின்னும் துணைச்சட்டங்கள் மட்டும்தான். அவற்றையும் கழற்றி மாற்றிப் பூட்டினார்கள்.

எனவே கொட்டகைக்குப் போகும்போது கேமராவோடு டார்ச்சும் நோட்டும் எடுத்துக்கொண்டு போங்கள். பதிவெண், லண்டன்காரர்கள் பானட் எண் என்று சொல்லும் வண்டி எண், சேஸிஸ் எண், பாடி எண் எல்லாவற்றையும் தேடிக் குறியுங்கள். எந்த எண் எங்கே இருந்தது, தகட்டிலா, பெயின்ட்டிலா, அடித்துப் பொறித்ததா என்பதையும் எழுதுங்கள். படிக்க முடியவில்லை என்றால் படிக்க முடியவில்லை என்றே எழுதுங்கள், ஊகித்து நிரப்பாதீர்கள். பிறகு அந்த எண்களை வைத்து வரலாற்றைத் தேடலாம். பி.எஸ்.வி. சர்க்கிள் என்ற அமைப்பு 1943இலிருந்து பிரிட்டிஷ் பஸ்களைச் சேஸிஸ் வாரியாக, பாடி வாரியாக, கம்பெனி வாரியாகப் பட்டியல் போட்டுவருகிறது. அதற்கும் மூத்தது 1929இல் தொடங்கிய ஆம்னிபஸ் சொசைட்டி. இரண்டும் பெரும்பாலும் சம்பளம் வாங்காத ஆர்வலர்களின் உழைப்பு. இவர்கள் பதிவுகளை ஒரு மாலை புரட்டிப் பாருங்கள், உங்கள் ஒன்பதாயிரம் படத்தில் என்ன குறை என்று தானாகத் தெரியும்.

அந்தப் படங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தேதி, இடம், வண்டி எண், வழித்தட எண் இல்லாத படம் இன்னும் முப்பது வருடம் கழித்து ஒரு சிவப்பு பஸ்ஸின் படம், அவ்வளவுதான். புதிதாக ஒரு படமும் எடுக்காமல் மூன்று மாதம் உட்கார்ந்து, இருப்பதற்குக் குறிப்பு எழுதுங்கள். எல்லோரும் முன்பக்கம் முக்கால் கோணத்தில்தான் எடுக்கிறார்கள். பின்படிக்கட்டின் அடிப்பக்கம், டிரைவர் கூண்டின் உள்ளே, இருக்கைத் துணியின் நெசவு, கண்டக்டர் நிற்கும் மூலையில் தேய்ந்துபோன பிடிகம்பி, இவற்றை யாரும் எடுப்பதில்லை. பழுதுபார்க்கிறவனுக்கு வேண்டியது அதுதான்.

ஒலியையும் பதியுங்கள். ஆர்.டி.யில் கிளட்ச் கிடையாது. அடுத்த கியரை ஸ்டியரிங் பக்கத்துச் சின்ன நெம்புகோலில் முன்கூட்டியே தேர்ந்தெடுத்துவிட்டு, வேண்டும்போது இடதுகால் பெடலை ஒரு முறை முழுதாக மிதித்து விட வேண்டும். கார் கிளட்ச் மாதிரி பாதியில் நிறுத்தி விளையாடினால் உள்ளே இருக்கும் பட்டைகள் தேய்ந்து பாழாகும். ஒவ்வொரு கியருக்கும் ஒரு ஊளை, மாறும்போது ஒரு காற்றுச் சீறல். அதைக் கேட்டே என்ன பஸ் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். கண்டக்டர் மணியும் அப்படித்தான். ஒன்று அடித்தால் நிறுத்து, இரண்டு அடித்தால் போ, மூன்று அடித்தால் ஆள் நிறைந்துவிட்டது, அடுத்த ஸ்டாப்பில் நிற்காதே. நம்மூர் விசிலுக்கு அண்ணன்.

அந்த மணியை அடித்தவர்களும் டிப்போவில் பெயின்ட் அடித்தவர்களும் இன்னும் கொஞ்சம் பேர் இருக்கிறார்கள். லண்டன் டிரான்ஸ்போர்ட் 1956இலிருந்து பார்பேடோஸ் தீவுக்கே போய் ஆள் எடுத்தது. அப்படி வந்தவர்களுக்கு இப்போது தொண்ணூறை ஒட்டிய வயது. தகடு இன்னும் பத்து வருடம் கொட்டகையில் துருப்பிடித்துக் கிடந்தாலும் வெட்டி ஒட்டலாம். இவர்களை இந்த வருடமே பார்க்க வேண்டும். அனுமதி கேட்டு, போனைப் பதிவில் போட்டுவிட்டு, நீங்கள் குறைவாகப் பேசுங்கள்.

இலங்கை வாசகர்களுக்கும் இதில் பங்கு உண்டு. லண்டனில் ஓய்வு பெற்ற ஆர்.டி. குடும்பத்து பஸ்கள் நூற்றுக்கணக்கில் கப்பலேறி இலங்கைக்குப் போயின. 1958இல் உருவான இலங்கை போக்குவரத்துச் சபை அவற்றைப் பல வருடம் ஓட்டியது. இங்கிலாந்துப் பதிவுகளில் பல பஸ்களின் கதை ‘இலங்கைக்கு ஏற்றுமதி’ என்ற வரியோடு நின்றுவிடுகிறது. மீதிக் கதை யாழ்ப்பாணத்துக்காரர், கொழும்புக்காரர் வீட்டு ஆல்பத்தில் இருக்கலாம். தாத்தா கோட்டு போட்டுக்கொண்டு நிற்கும் படத்தில் பின்னால் தெரியும் பஸ்ஸைப் பாருங்கள்.

சரி, பழுதுபார்ப்புக்கு வருகிறேன். என் தவறு ஒன்றைச் சொல்லலாம். பல வருடத்துக்கு முன்பு ஒரு குழுவோடு சேர்ந்து பழைய பஸ் ஒன்றின் கீழ்த்தளத்துப் பலகைகளைக் கழற்றினேன். ஒரு பலகையின் பின்னால், கட்டிய தச்சர் பென்சிலில் எழுதிய கணக்கும் பக்கத்தில் ஒரு பெயரும் இருந்தன. மதியத்துக்குள் முடிக்க வேண்டும் என்ற அவசரம். உப்புத்தாளை எடுத்துத் தேய்த்துவிட்டேன். பாதி தேய்த்த பிறகுதான் படம் எடுக்கவில்லை என்று உறைத்தது. அந்தப் பெயரில் முதல் எழுத்து மட்டும் இப்போதும் ஞாபகம் இருக்கிறது.

அதனால் ஸ்பானரைத் தொடுவதற்கு முன் படம். கழற்றிய திருகாணிகளை அந்தந்த இடத்தின் பெயர் எழுதிய பையில் போடுங்கள். பெயின்ட்டை முழுதாக உரிக்காதீர்கள். ஒரு மூலையில் நீரும் நைஸ் உப்புத்தாளும் வைத்து மெதுவாகத் தேய்த்தால் மரத்தின் வளையம்போல ஒவ்வொரு வண்ணமும் தெரியும். சிவப்புக்கு அடியில் பச்சை வந்தால், அந்த பஸ் ஒரு காலத்தில் புறநகர்க் கிராமப் பகுதியில் ஓடியிருக்கக்கூடும். லண்டன் டிரான்ஸ்போர்ட்டின் கிராமப் பிரிவுக்குப் பச்சைதான் நிறம். அந்த மூலையை அளவுகோலோடு படம் எடுத்துவிட்டு, முடிந்தால் அந்தத் துண்டை அப்படியே விட்டுவிடுங்கள்.

எந்த வருடத்துக்குத் திருப்புவது என்பதில் பெரிய சண்டைகள் நடக்கும். புத்தம் புதிதாக வந்த நாள் மாதிரி ஆக்க வேண்டும் என்பார் ஒருவர், கடைசியாக ஓடிய நாள் மாதிரி என்பார் இன்னொருவர். இந்தப் பாடி, இந்தச் சேஸிஸ், இந்த எண் மூன்றும் உண்மையிலேயே சேர்ந்து ஓடிய ஒரு வருடத்தைத் தேடிப்பிடித்து அதற்குத் திருப்புவதுதான் நேர்மை என்பது என் கட்சி. பெரும்பாலும் அது லண்டனில் அந்த பஸ்ஸின் கடைசிச் சில வருடங்களாக அமையும். கண்காட்சியில் பரிசு கிடைக்காமல் போகலாம், போகட்டும்.

நீங்கள் செய்யக்கூடியது இது. ஒரு வருடம் ஏதாவது ஒரு அருங்காட்சியகத்தில் சனிக்கிழமைத் தொண்டராகச் சேருங்கள். லண்டன் பஸ் என்றால் சர்ரேயில் புரூக்லண்ட்ஸ் வளாகத்தில் இருக்கும் லண்டன் பஸ் மியூசியம். மான்செஸ்டர் பாயில் தெருவிலும், ஸ்காட்லாந்தில் லாத்தல்மண்டிலும்கூட நல்ல சேகரிப்புகள் உண்டு, ஆனால் லூட்டனிலிருந்து வாராவாரம் போகிற தூரம் இல்லை. முதல் மூன்று மாதம் பித்தளை துடைக்கத்தான் விடுவார்கள். கோபப்படாதீர்கள்.

உங்கள் ஊரையே நீங்கள் கவனிக்கவில்லை என்றும் தோன்றுகிறது. பெட்ஃபோர்டு வண்டிகள் வாக்ஸ்ஹால் கம்பெனி லூட்டனில் செய்தவை. 1939 முதல் 1951 வரை, நடுவில் போரால் தடைப்பட்டு, பன்னிரண்டாயிரத்துக்கு மேல் வந்த பெட்ஃபோர்டு ஓ.பி. சின்ன பஸ், 29 இருக்கை, பெட்ரோல் எஞ்சின், மூக்கு நீட்டிய அழகு. டூப்பிள் கம்பெனி கட்டிய பாடிக்குள் ஆஷ் மரச்சட்டம், அதற்கு அப்பாவிடமே யோசனை கேட்கலாம். மாடி இல்லாததால் நிறுத்த இடமும் கிடைக்கும். கட்டாயம் ஒரு பஸ் சொந்தமாக வேண்டும் என்றால், ஆர்.டி.யைவிட இதை முதலில் பாருங்கள்.

நால்வர் சேர்ந்து வாங்குவதாக இருந்தால், ஒருவர் விலகினால் அவர் பங்கு என்ன, விற்பதற்கு எத்தனை பேர் சம்மதம் வேண்டும், சாவி யாரிடம் என்பதைப் பணம் போடும் முன் எழுதிக் கையெழுத்திடுங்கள். நட்பு இருக்கும்போது எழுதுவதுதான் சுலபம். ஓட்டுவதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். முப்பது வருடத்துக்கு மேற்பட்ட பஸ்ஸை, காசு வாங்காமல், எட்டுப் பயணிகளுக்கு மிகாமல் ஏற்றி ஓட்டச் சில நிபந்தனைகளோடு கார் லைசென்ஸே போதும். இன்சூரன்ஸ்காரர் அதற்கு ஒப்ப வேண்டும். ஒப்பினாலும், தெரிந்தவரை பக்கத்தில் வைத்துக் காலி மைதானத்தில் பழகாமல் சாலைக்கு வராதீர்கள்.

கொட்டகைக்குப் போய்வந்த பிறகு அந்த எண்களை எனக்கு எழுதி அனுப்புங்கள். மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள், டார்ச் பிடிக்க ஒரு ஆள் கட்டாயம் வேண்டும்.