படத்தின் பின்பக்கத்தில் கை வைக்காதீர்கள்

கேள்வி: என் மாமனார் பத்திரிகைகளுக்குப் படம் எடுத்துக் கொடுத்துவந்தவர். போன வருடம் காலமானார். அவருடைய டிரங்குப் பெட்டியில் கறுப்பு வெள்ளைப் படங்கள், நெகட்டிவ்கள், பங்களா ஏலங்களில் வாங்கிய பழைய இங்கிலீஷ் புத்தகங்கள் எல்லாம் இருக்கின்றன. ஒரு வியாபாரி மொத்தமாக விலை கேட்கிறார். படங்களின் பின்னால் ஒட்டியுள்ள சீட்டுகளை எடுத்துவிட்டு, துடைத்து ஆல்பத்தில் ஒட்டித் தந்தால் கூடக் கொடுப்பாராம். கல்லூரியில் படிக்கும் மகனோ, ‘விற்காதீங்க, நானும் சேகரிக்கப்போறேன்’ என்கிறான். என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: அன்புச் சகோதரி, முதலில் அந்த ஆல்பம் வேலையை நிறுத்துங்கள். பத்திரிகைப் படத்தின் உயிரே பின்பக்கத்தில்தான் இருக்கிறது. பத்திரிகை அலுவலகத்துக்குப் போய்த் திரும்பிய படம் ஒன்றைத் திருப்பிப் பாருங்கள். படத்தில் யார், எங்கே, எப்போது என்று தட்டச்சு செய்த சீட்டு ஓரம் பழுத்து, பசை காய்ந்து பாதி பெயர்ந்து நிற்கும். கீழே தேதி முத்திரை. குறுக்கே, எந்தப் பக்கத்தில் எத்தனை பத்தி அகலத்துக்குப் போட வேண்டும் என்று பென்சில் குறிப்பு. முன்பக்கத்தில் மெழுகுப் பென்சில் கோடும் வெள்ளைப் பெயின்ட்டும் இருந்தால் அது அழுக்கு அல்ல. அச்சுக்குத் தயார் செய்தவர்களின் கைவேலை. சீட்டை எடுக்கச் சொல்பவருக்கு ஒன்று விஷயம் தெரியாது, அல்லது படம் எங்கிருந்து வந்தது என்று பிறருக்குத் தெரியக் கூடாது. எப்படிப் பார்த்தாலும் அவர் உங்களுக்கு வேண்டாம்.

உங்கள் ஊர்ப் பக்கத்துக்கு இது இன்னும் முக்கியம். 1964 சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து டேன்டீ எனும் தமிழக அரசின் தேயிலைத் தோட்டங்களில் குடியேறிய குடும்பங்கள் எத்தனை! அவர்கள் மூட்டை முடிச்சோடு வந்திறங்கிய படம் ஒன்று அந்தப் பெட்டியில் இருக்கிறது என்று வையுங்கள். சீட்டு போய்விட்டால் அது யாரோ நாலு பேர் நிற்கும் படம். சீட்டு இருந்தால் ஒரு பேரப்பிள்ளைக்குத் தன் தாத்தாவின் முகம் கிடைக்கும். சீட்டு இல்லாத படங்களை ஊர்ப் பெரியவர்களிடம் காட்டிக் கேளுங்கள், தள்ளிப்போடாமல். சொன்னதைத் தனித்தாளில் எழுதிப் படத்தோடு வையுங்கள். படத்தின் பின்னால் பால்பாயின்ட் பேனா படவே கூடாது. அழுத்தம் முன்பக்கம் தெரியும்.

அடுத்த பகை நம் மலையின் ஈரம். வெளிச்சுவரை ஒட்டியும் கணப்புக்குப் பக்கத்திலும் பெட்டியை வைக்காதீர்கள். ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட படங்களைப் பிடித்து இழுக்காதீர்கள், மேல்பூச்சு உரிந்து வந்துவிடும். ஈரத்துணியும் வேண்டாம். சாதாரண பிளாஸ்டிக் கவரும் பசை ஆல்பமும் படத்தைக் கெடுப்பவை; அமிலமில்லாத காகித உறை நல்லது. ஜனவரி, பிப்ரவரியில் காற்று உலர்ந்திருக்கும்போது, வெயில் நேரே படாத இடத்தில் திறந்து வையுங்கள்.

புத்தகங்களுக்கும் அதேதான். புதுப் பைண்டிங் போட்டு, ஓரத்தை வெட்டி மினுக்க வேண்டாம். அட்டை கழன்றிருந்தால் பருத்தி நாடாவால் கட்டி வையுங்கள், செலோடேப் வேண்டவே வேண்டாம். பழுப்புப் புள்ளிகளைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். தலைப்புப் பக்கம், படத்தாள்கள், மடித்து வைத்த வரைபடம் எல்லாம் இருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள். நீலகிரி மாவட்டத்தைப் பற்றி 1880இல் கிரிக் எழுதிய கையேடு, 1908இல் வந்த கெஜட்டியர் எனும் அரசு மாவட்ட விவரத் தொகுப்பு போன்றவற்றுக்குப் பிற்காலத்தில் மறுபதிப்பு வந்திருப்பதால் ஆண்டை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. நூலக முத்திரை இருந்து, நீக்கியதற்கான முத்திரை இல்லையென்றால் அந்த நூலகத்தைக் கேட்டுவிட்டுத்தான் மற்றது.

மகன் ஆசை நல்ல ஆசை. வாங்குவதற்கு முன் தாளைப் பார்க்கப் பழகச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் பூசிய வழவழத் தாள் எழுபதுகளில்தான் பரவலானது. அதில் இருக்கும் ‘1950 படம்’ பிற்பாடு போட்ட பிரதி. கள்ளநோட்டு பார்க்கும் புற ஊதா விளக்கில் தாள் நீலவெள்ளையாகப் பளிச்சென்று ஒளிர்ந்தால், ஐம்பதுகளுக்கு முந்தையது என்ற பேச்சை நம்ப வேண்டாம். பிலிமும் படத்தாளும் தயாரித்த ஊட்டி ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸில் 1967இல்தான் உற்பத்தி தொடங்கியது; அவர்கள் தாளில் உள்ள பிரதி அதற்கு முந்தையதாக இருக்க முடியாது. மாமனார் பெட்டியில் அவர்களுடைய ‘இந்து’ தாள் உறை கிடந்தால் அதையும் பத்திரப்படுத்துங்கள்.

விற்பதானால் ஒவ்வொன்றையும் முன்னும் பின்னும் படம் பிடித்துப் பட்டியல் போட்ட பிறகு, இரண்டு மூன்று பேரிடம் விலை கேளுங்கள். படத்தை விற்பது வேறு, அதை வெளியிடும் உரிமையை விற்பது வேறு. எடுத்தவர் மறைந்து 60 ஆண்டு வரை பதிப்புரிமை உண்டு. மாமனார் சம்பளத்துக்கு அல்லாமல் தானே எடுத்துக் கொடுத்தவராக இருந்து, உரிமையை யாருக்கும் எழுதிக் கொடுக்காமல் இருந்தால், அது வாரிசுகளுக்கு வரும். ஆகவே நெகட்டிவ்களை இந்த விலைப்பேச்சில் சேர்க்காதீர்கள். வினிகர் வாடை அடிக்கும் நெகட்டிவ் கெட ஆரம்பித்துவிட்டது. அவற்றை இன்றே தனிப் பெட்டிக்கு மாற்றி, முதலில் அவற்றை ஸ்கேன் செய்யக் கொடுங்கள்.