அந்த ஒளி மறுபடி வரவில்லை

கேள்வி: வணக்கம் மேடம். எனக்கு வயது 43, பள்ளி ஆசிரியை. அம்மா இறந்த இரண்டாம் மாதம், விடியற்காலை ஜெபத்தில் இருந்தபோது ஜன்னல் வெளிச்சம் திடீரென மாறியது. சுவர், வேப்பமரம், நான் எல்லாம் ஒன்றுதான் என்று தெரிந்தது. பயமே இல்லை. சில நிமிடங்கள்தான். அது திரும்ப வரட்டும் என்று இப்போது தினமும் மூன்று மணிக்கு எழுகிறேன், உபவாசம் இருக்கிறேன். வரவில்லை. சாத்தானும் ஒளியின் தூதனாக வருவான் என்கிறார் சபை ஐயர். மனநல டாக்டரிடம் போகலாம் என்கிறார் கணவர். யாக்கோப் பேமே என்ற ஜெர்மன் ஞானியைப் பற்றிப் படித்ததிலிருந்து, அவரைப் போல வேலையை விட்டுவிடலாமா என்றும் தோன்றுகிறது.

பதில்: அன்புள்ள சகோதரி, அந்தச் சில நிமிடங்கள் எனக்குக் கவலை தரவில்லை. மூன்று மணி விழிப்பும் பட்டினியும்தான் கவலை.

பேமே வேலையை விடவில்லையே! 1600இல் அவர் ஜெர்மனியின் கோர்லிட்ஸ் நகரில் 25 வயதுச் செருப்புத் தொழிலாளி. வெள்ளீயப் பாத்திரத்தில் பட்டு மின்னிய வெயிலைப் பார்த்தபோது அவருக்கு அந்த அனுபவம் வந்தது. மனப்பிரமையோ என்று சந்தேகப்பட்டு வெளியே பசும்புல்வெளிக்குப் போய்ப் பார்த்தாராம். அப்புறம் வீட்டு வேலையையும் பிள்ளைகளையும் கவனித்தார். அந்த அனுபவத்தைப் பற்றிய ‘அரோரா’ நூலை எழுதியது 1612இல். மறுவருடம் அதன் பிரதி கைமாறியதும் தலைமைப் போதகர் சாடினார், நகர சபை எழுதத் தடை போட்டது. செருப்புப் பட்டறையை விற்றதும் அந்த வருடம்தான், ஆனால் உடனே நெசவு நூல் வியாபாரத்துக்குப் போய்விட்டார்.

அந்த ஒளி வருவதற்கு முன்பு, எதுவும் தேற்ற முடியாத மனச்சோர்வில் கிடந்ததாக பேமேயே எழுதியிருக்கிறார். அவருடைய எழுத்துகளைப் பின்பற்றிய லண்டன் பெண்மணி ஜேன் லீடுக்கு, கடவுளின் ஞானமே பெண் வடிவில் வந்ததாகச் சொல்லப்படும் ஞானமாதா சோபியாவின் தரிசனம் கிடைத்ததும் 1670இல், கணவர் இறந்த சில வாரங்களில். துக்க காலத்தில் இப்படி வருவது அபூர்வமில்லை. உங்கள் கடிதத்தில் அம்மாவுக்கு ஒரே வரிதான். அவரைப் பற்றி யாரிடமாவது அழுது பேசினீர்களா?

இது நோயா? அமெரிக்க மனநல மருத்துவர்களின் வகைப்பாட்டு நூலே 1994 பதிப்பில் ஆன்மிகச் சிக்கல்களை, மனநோயாக எண்ணாமல், தனிப் பிரிவில் சேர்த்தது. வந்தது கடவுளா என்று சொல்ல எனக்குத் தகுதியில்லை. சாத்தான் என்று சொல்ல ஐயரும் அவசரப்பட வேண்டாம்.

ஆனால் தூக்கமும் சாப்பாடும் இல்லாத மூளை கேட்டதையெல்லாம் காட்டும். அதனால் உபவாசத்தை நிறுத்துங்கள், ஆறேழு மணி நேரம் தூங்குங்கள், ஜெபத்தைப் பழைய நேரத்துக்கே மாற்றுங்கள். வேலையை விடும் பேச்சு இந்த வருடம் வேண்டாம். தூங்காமலே சுறுசுறுப்பு, கட்டளையிடும் குரல், ‘நான் தேர்ந்தெடுக்கப்பட்டவள்’ என்ற எண்ணம், இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றே டாக்டரைப் பாருங்கள். எதுவும் இல்லாவிட்டாலும் கணவருடன் ஒருமுறை போய் வாருங்கள், பயந்திருப்பவர் அவர்தான்.