வளையவெளி அழுத்தம் மீண்டும் ஏறுகிறது: வெப்பமா, கசிவா?

கசிவுதான். உங்கள் எரிவாயுக் கிணற்றில், உற்பத்திக் குழாய்க்கும் அதைச் சுற்றியுள்ள உறைக்குழாய்க்கும் இடைப்பட்ட வளையவெளியில் அழுத்தத்தைப் பூஜ்ஜியத்துக்கு இறக்கியும் மறுநாளே பழைய அளவுக்கு ஏறிவிட்டது, உற்பத்தி வீதம் மாறவில்லை என்கிறீர்கள். வெப்ப விரிவால் ஏறிய அழுத்தம், கிணறு சீரான வெப்பநிலையில் ஓடும்போது ஒருமுறை இறக்கினால் திரும்பாது.

எல்லோரும் பேக்கரைத்தான் (வளையவெளியைக் கீழே அடைக்கும் முத்திரையை) முதலில் பழிப்பார்கள். நான் உற்பத்திக் குழாயின் திருகு இணைப்புகளைச் சந்தேகிப்பேன், எரிவாயுக் கிணறு என்பதால் இன்னும் கூடுதலாக.

சோதிக்கும் வழி:

1. அரை அங்குல ஊசி வால்வு வழியாக மெதுவாக இறக்குங்கள். வருவது வாயுவா, திரவமா, எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள்.

2. வால்வை மூடி, 24 மணி நேர ஏற்றத்தைப் பதிவுசெய்யுங்கள்.

3. பிறகு சோக்கை (கிணற்றின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் வால்வை) சற்றுக் குறுக்குங்கள். குழாய் அழுத்தம் உயரும், ஓட்டம் குறைவதால் வெப்பநிலை இறங்கும். இரண்டும் எதிரெதிர்த் திசையில் போவதுதான் இந்தச் சோதனையின் அழகு: வளையவெளி அழுத்தமும் கூடவே உயர்ந்தால் குற்றவாளி குழாய்ப் பக்கம். அசையாவிட்டால், வெளி உறைக்குழாய்களையும் கிணற்றுத்தலை முத்திரைகளையும் பாருங்கள்.

ஓர் எச்சரிக்கை. அழுத்தத்தை அடிக்கடி இறக்கிக்கொண்டே இருக்காதீர்கள். ஒவ்வொரு முறையும் வளையவெளியை நிரப்பியிருக்கும் பேக்கர் திரவம் கொஞ்சம் வெளியேறி, அந்த இடத்தில் வாயு நிரம்பும். அடுத்த முறை மேற்பரப்பு அழுத்தம் இன்னும் அதிகமாக நிற்கும். நச்சு வாயுவான ஹைட்ரஜன் சல்பைடு இருக்க வாய்ப்புண்டு என்றால், வாயு அளவி இல்லாமல் வால்வைத் தொடவே வேண்டாம்.