முறை மாற்றும் டிரில்: 'இரண்டு ஆவணங்களைச் சேர்த்தால் இதுதான்' என்ற மறுப்புக்கு

உங்கள் டிரில்லுக்கான காப்புரிமை விண்ணப்பத்தை, இரண்டு பழைய ஆவணங்களைச் சேர்த்தாலே இது வந்துவிடும் என்று காப்புரிமைப் பரிசோதகர் மறுத்திருக்கிறார். அதற்கு "இவை இரண்டும் ஒரே ஆவணத்தில் இல்லையே" என்று நீங்கள் எழுதி வைத்திருக்கும் பதில் எடுபடாது. அது புதுமைக்கான வாதம்; எல்லாம் ஒரே ஆவணத்தில் ஏற்கெனவே இருக்கிறதா என்பதுதான் அங்கே கேள்வி. பரிசோதகர் கேட்பது புத்தாக்கப் படி, அதாவது துறை அறிந்தவருக்கு எளிதில் தோன்றாத முன்னேற்றம், எங்கே என்று. அதற்கு ஆவணங்களைச் சேர்த்துப் பார்க்க அவருக்கு இடமுண்டு.

இந்த மறுப்புக்கு முதல் உரிமைகோரலின் (எதற்குக் காப்புரிமை கேட்கிறீர்கள் என்று சொல்லும் வரியின்) வாசகம்தான் காரணம் என்று தோன்றுகிறது. 'முறையைத் தேர்ந்தெடுக்கும் உறுப்பு' என்றால், துளையிடல், சுத்தியல், திருகு என்று வளையம் திருப்பும் எந்தப் பழைய டிரில்லும் அதற்குள் வந்துவிடும்.

ஒரு தாளில் உரிமைகோரலைத் துண்டு துண்டாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே அந்த இரண்டு ஆவணங்களின் படங்களில் அதற்குரிய பாக எண்ணைக் குறியுங்கள். எண் கிடைக்காத வரிதான் உங்கள் சொத்து. நீங்கள் விவரித்ததில் அது தெளிவாகவே இருக்கிறது: வளையத்தின் நிலையைச் சென்சார் படிக்கிறது, துளையிடும் முறையில் மட்டும் முறுக்குவிசை வரம்பை (சுழற்றும் விசை எவ்வளவு வரை போகலாம் என்ற அளவை) கட்டுப்பாட்டுச் சுற்று புறக்கணிக்கிறது. முதல் ஆவணத்தில் அந்த வேலையைச் செய்வது கிளட்ச் ஸ்பிரிங், இரண்டாவதில் தனி பட்டன். இந்த வரியை முதல் உரிமைகோரலுக்குள் கொண்டுவந்துவிட்டு, ஸ்பிரிங்கே போதுமான கருவியில் சென்சாரைச் சேர்க்க ஒருவருக்கு என்ன தூண்டுதல் என்று பதிலில் கேளுங்கள். 'பயன்படுத்த வசதியானது' என்ற விளம்பர வரி மட்டும் வேண்டாம். எத்தனை பேர் அதை நம்பி ஏமாந்திருக்கிறார்கள்!

ஒரு எச்சரிக்கை: முதலில் தாக்கல் செய்ததில் இல்லாத எதையும் திருத்தத்தில் நுழைக்க முடியாது. அந்தச் சென்சார் படத்தில் மட்டும் இருந்து விவரக்குறிப்பில் (கண்டுபிடிப்பை எழுத்தில் விளக்கும் பகுதியில்) இல்லையென்றால், பதில் கெடுவுக்கு முன்பே ஒரு காப்புரிமை முகவரிடம் காட்டிவிடுங்கள்.