மனைவிக்குத் தெரியாத சாட்சி

கேள்வி: 11 வருடங்களாக வேலை பார்த்துக்கொண்டே ஊழியம் செய்கிறேன். 4 மாதங்களுக்கு முன் வேலை போய்விட்டது. சேமிப்பு கரைகிறது, சபைக்கு வருகிறவர்களும் குறைந்துவிட்டார்கள். வேலை போனதை அந்த வாரமே சபையில் சாட்சியாகச் சொன்னேன். முன்வரிசையில் இருந்த என் மனைவிக்கும் அப்போதுதான் தெரியும். பலர் கண்ணீர் விட்டார்கள். இந்தியாவுக்கு வந்த மிஷனரி வில்லியம் கேரி முதல் ஆளுக்கு ஞானஸ்நானம் கொடுக்க 7 வருடம் காத்திருந்தாரே என்று தேற்றிக்கொள்கிறேன். ஆனால் ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தை வரவில்லை. சோர்ந்துபோகாமல் ஊழியத்தில் நிலைத்திருப்பது எப்படி?

பதில்: "கலங்காதீர்கள், கர்த்தர் கைவிடமாட்டார்" என்று நான் எழுத வேண்டியதில்லை. ஞாயிறுதோறும் அதைப் பிறருக்குச் சொல்கிறவர் நீங்கள். "என் மனைவிக்கும் அப்போதுதான் தெரியும்" என்று போகிற போக்கில் எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டீர்களே, என்னால் அதைத் தாண்டிப் போக முடியவில்லை.

வீட்டில் இந்தச் செய்தியை முதலில் கேட்டிருக்க வேண்டியவர் அவர். அவரைக் கூட்டத்தில் ஒருத்தியாக உட்காரவைத்து, எல்லோரும் திரும்பிப் பார்க்கும்போது கேட்கவைத்தீர்கள். பலர் அழுதார்கள் என்கிறீர்கள். அவர் முகம் எப்படி இருந்தது? கடிதத்தில் அது இல்லை. நீங்கள் பார்க்கவே இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அதைச் சாட்சி என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வீட்டில் சொன்னால் "இனி என்ன செய்வது?" என்று கேள்வி வரும். மேடையில் சொன்னால் ஆமென்தான் வரும். சுலபமானதைத் தேர்ந்தெடுத்துவிட்டு அதற்குச் சிலுவை என்று பெயர் வைத்திருக்கிறீர்கள்.

கேரியை இழுத்திருக்கிறீர்கள். சரி, முழுக்கதையையும் பார்ப்போம். 1793-ல் இந்தியாவுக்கு வந்தார். 1800 டிசம்பரில்தான் முதல் ஆளாகக் கிருஷ்ண பாலுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். பிரசங்கங்களில் இது அடிக்கடி வரும். கேரியின் மனைவி டாரதி முதலில் வர மறுத்தவர். வந்த மறுவருடமே 5 வயது மகன் பீட்டரைப் பறிகொடுத்தார், மனநிலை குலைந்தார், 1807-ல் இறக்கும்வரை மீளவில்லை. இதைப் பிரசங்கத்தில் நான் அதிகம் கேட்டதில்லை. கேரியைக் குறைசொல்ல எனக்குத் தகுதி கிடையாது. ஆனால் அந்த 7 வருடத்தை அவர் தனியாகச் சுமக்கவில்லை.

பொறுமைக்கு ஆள் வேண்டுமென்றால் வேதத்தில் வரும் ஆக்கில்லாவையும் அவர் மனைவி பிரிஸ்கில்லாளையும் எடுத்துக்கொள்ளுங்கள். கிலவுதியு ராயன் யூதர்களை ரோமாபுரியைவிட்டு விரட்டியதால் கொரிந்துவுக்கு வந்து, கூடாரம் செய்து பிழைத்தவர்கள். பவுலும் அவர்களோடு தங்கி அதே தொழிலைச் செய்தார். (சம்பள வேலை தேடுவதை இறக்கமாக நினைக்காதீர்கள்.) பிறகு அவர்கள் வீட்டிலேயே சபை கூடியது. புதிய ஏற்பாட்டில் அவர்கள் பெயர் 6 இடங்களில் வருகிறது. ஓரிடத்தில்கூட ஒருவரை விட்டுவிட்டு மற்றவர் வரவில்லை. ஊரைவிட்டுப் போக வேண்டும் என்ற செய்தியை பிரிஸ்கில்லாள் ஜெபக்கூட்டத்தில் உட்கார்ந்தா கேட்டிருப்பார்?

அப்புறம், வார்த்தை வராத ஜெபம். பேதுருவின் முதல் நிருபம், மூன்றாம் அதிகாரம், ஏழாம் வசனத்தை எடுங்கள். உங்கள் ஜெபங்களுக்குத் தடை வராதபடி மனைவியைக் கனம்பண்ணுங்கள் என்று புருஷர்களுக்கு எழுதியிருக்கிறது. எழுதிய பேதுருவும் மனைவி உள்ளவர்தான். உங்களுக்கு எது தடை என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. ஆனால் வானத்தைப் பார்த்துக் காரணம் தேடுவதற்குமுன் பக்கத்து அறையைப் பார்த்திருக்கலாம்.

ஊழியத்தை விட்டுவிடச் சொல்லவில்லை. இந்த ஞாயிறு பிரசங்கத்தை மட்டும் வேறொருவரிடம் கொடுத்துவிட்டு, மனைவி பக்கத்தில் உட்காருங்கள். அதற்குமுன், இன்று இரவே, கையிருப்பு எவ்வளவு, கடன் எவ்வளவு, எத்தனை மாதம் தாங்கும் என்று எல்லாக் கணக்கையும் அவர்முன் வையுங்கள். முதலில் மன்னிப்புக் கேளுங்கள், கணக்கு பிறகு. கோபப்படுவார். 4 மாதக் கோபத்தோடு 11 வருடக் கோபமும் சேர்ந்து வரலாம். கேட்டுக்கொண்டிருங்கள். அவர் பேசி முடிக்கும்வரை "வா, ஜெபிப்போம்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.