50 ரூபா முத்திரை எதுவரை போதும்? தபால் கட்டணம் பற்றி வாசகர் கேட்டவை

ஓய்வூதியப் படிவத்தோடு பத்துப் போட்டோக்கொப்பி அனுப்ப வேண்டும். 50 ரூபா முத்திரை காணுமா? (ஒட்டுசுட்டான்)

காணாது. இலங்கையில் 2022 ஆகஸ்ட் 15 முதல் உள்நாட்டுச் சாதாரணக் கடிதத்துக்கு ஆகக் குறைந்த கட்டணம் 50 ரூபா. அது 20 கிராம் வரைதான். 80 ஜிஎஸ்எம் (சதுர மீற்றருக்கு 80 கிராம்) ஏ4 தாள் ஒன்று 5 கிராம். நீள உறையும் ஏறக்குறைய அவ்வளவே. மூன்று தாளோடு எல்லை வந்துவிடும். உங்கள் பத்துத் தாளே 50 கிராம், ஏ4 உறையின் எடை வேறு. ஏற்றுக்கொள்வார்கள் என்றால் இரு பக்கமும் கொப்பி எடுங்கள், எடை பாதியாகும். முத்திரை குறைந்தால் மிச்சக் காசைப் பெறுபவரிடம் கேட்பார்கள். அவர் வாங்க மறுத்தால் கடிதம் திரும்பிவரும், முடிவுத் திகதியும் போய்விடும். ஆகவே முத்திரை ஒட்டாமல் கொண்டுபோய், தபாலகத்தில் நிறுத்த பிறகே ஒட்டுங்கள்.

கொழும்புக்கு அனுப்ப வவுனியாவைவிடக் கூடவா? (முள்ளியவளை)

இல்லை. நாட்டுக்குள் கடிதத்துக்குத் தூரம் கணக்கில்லை, எடைதான் கணக்கு.

ரொறன்ரோவிலுள்ள தங்கைக்கு ஒடியலும் பனங்கட்டியும் அனுப்பலாமா? (கிளிநொச்சி)

முதலில் கனடாவின் உணவு இறக்குமதி விதியைத் தங்கையைப் பார்க்கச் சொல்லுங்கள். வெளிநாட்டுத் தபாலில் ‘சிறுபொதி’ (small packet) என்ற வகையின் எல்லை 2 கிலோ, பெட்டியும் ரேப்பும் சேர்த்து. 1.9 கிலோ சாமானைக் கால் கிலோப் பெட்டியில் வைத்தால் பார்சல் கட்டணத்துக்குள் போய்விடுவீர்கள். சாமானை 1.7 கிலோவோடு நிறுத்துங்கள். நீளம், அகலம், உயரம் கூட்டினால் 90 சென்ரிமீற்றருக்கு மேல் போகக்கூடாது; எந்தப் பக்கமும் 60ஐத் தாண்டக்கூடாது. பனங்கட்டி ஈரம் இழுத்துக் கசியும், அட்டை ஊறி விலாசம் அழிந்துவிடும். இரட்டைப் பொலித்தீன் கட்டாயம். சுங்கப் படிவத்தில் ‘அன்பளிப்பு’ என்று மட்டும் எழுதினால் போதாது; பொருளின் பெயர், எடை, பெறுமதி மூன்றையும் ஆங்கிலத்தில் எழுதுங்கள்.

தனியார் கூரியரில் மூன்று கிலோ முறுக்குக்கு ஏழு கிலோக் காசு கேட்கிறார்களே? (மாங்குளம்)

பெட்டி பெரிது. கூரியரில் பெட்டியின் பருமனையும் எடையாக மாற்றிக் கணக்குப் பார்ப்பார்கள். உதாரணமாக, 40×30×30 சென்ரிமீற்றரை 5000ஆல் பிரித்தால் 7.2 கிலோ. தராசு எடை, இந்தப் பருமன் எடை இரண்டில் எது கூடவோ அதற்குத்தான் காசு. பெட்டியைச் சின்னதாக்குங்கள்.

பதிவுத் தபாலில் காசு வைத்து அனுப்பலாமா? (நெடுங்கேணி)

வேண்டாம், காசுக்கட்டளை எடுங்கள். பதிவுக் கட்டணம் முத்திரைக்கு மேலதிகம். அதற்கு உங்களுக்குக் கிடைப்பது பற்றுச்சீட்டும் இலக்கமும். சீட்டு இல்லாமல் முறையிடுவது கடினம், கடிதம் சேரும்வரை வைத்திருங்கள். விலாசத்தில் மாவட்டத்தையும் எழுதுங்கள்: புதுக்குடியிருப்பு முல்லைத்தீவிலும் உண்டு, மட்டக்களப்பிலும் உண்டு.